நெஞ்சு வலி என்ற அழைப்பு: ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் செய்ய வேண்டியவை

நெஞ்சு வலி என்று அழைப்பு வந்து வண்டி கிளம்பும்போதே, இப்போது பேசிக்கொண்டிருக்கும் நோயாளி இன்னும் சில நிமிடங்களில் நினைவிழந்து, இதயத் துடிப்பு நின்றுபோகக்கூடும் என்பதை மருத்துவ உதவியாளர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான மாரடைப்புகளில் நிகழ்கிறது. அந்த நிலையில் நோயாளிக்கு நினைவு இருக்கும், நாடி இருக்கும், வலியைத் தன் வாயாலேயே சொல்லவும் முடியும். ஆனால் இரத்தம் கிடைக்காத அந்தத் தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே அதிரத் தொடங்கினால், மூளைக்குப் போகும் இரத்தம் அப்போதே நின்றுவிடும். இந்த ஆபத்து மாரடைப்பு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் மிக அதிகம். அந்த ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலும் நம் வண்டியிலும் கழிகிறது. அதனால்தான் இங்கே சொல்லப்படும் செயல்கள் அனைத்தும், துடிப்பு எந்த நொடியிலும் நிற்கலாம் என்ற கணக்கிலேயே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையின் வண்டியில் ஒரு மருத்துவ உதவியாளரும் ஓர் ஓட்டுநரும் இருப்பார்கள். கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம். இந்த அமைப்பில் பணிக்குப் புதிதாக வருபவரை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. மருந்துகளைப் பொறுத்தவரை உங்கள் சேவையின் நெறிமுறையும் மைய மருத்துவரின் சொல்லுமே இறுதியானவை.

வாசலில் இறங்கும்போது

வண்டி நுழைய முடியாத சந்தும், இரண்டாம் மாடி வீடும் நமக்குப் புதியவை அல்ல. "முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று வெறுங்கையோடு செல்வதுதான் இந்த அழைப்பில் ஆகவே ஆகாத செயல். இதயத் துடிப்பை ஆராய்ந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, சிறிய ஆக்சிஜன் உருளை, வாயில் சேர்வதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் கருவி, மருந்துப் பை ஆகிய அனைத்தும் முதல் நடையிலேயே நோயாளியின் அருகில் போய்ச் சேர வேண்டும். துடிப்பு நின்ற பிறகு நெஞ்சை அழுத்தி மூச்சும் கொடுத்து உயிர்காக்கும் சி.பி.ஆர்.உம் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பதை நினைத்தால், படிக்கட்டில் ஒருமுறை இறங்கி ஏறுவதற்கு என்ன விலை என்பது விளங்கும்.

நோயாளி நினைவோடு இருந்தால், அவர் இருக்கும் இடத்திலேயே, அவருக்கு மூச்சு எளிதாக வரும் நிலையில் உட்கார வையுங்கள். பெரும்பாலோருக்கு முதுகுக்குச் சாய்மானம் கொடுத்துப் பாதி உட்கார்ந்த நிலை ஒத்துவரும். இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றுகிறது என்றால் படுக்க வைக்க வேண்டும். அதன்பின் அவர் ஓரடிகூட நடக்கக் கூடாது. "நானே இறங்கி வந்துடுறேன் தம்பி" என்று எழுந்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பணிவோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் தடுத்து, நாற்காலியிலோ ஸ்ட்ரெச்சரிலோ தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். நடப்பதும் படியிறங்குவதும் ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் தசையின் வேலையைக் கூட்டுகின்றன.

வாயு என்று சொன்னால்

பாடப்புத்தகம் சொல்லும் மாரடைப்பு வலியை அடையாளம் காண்பது எளிது. நெஞ்சின் நடுவே இறுக்கம் அல்லது பாரம், இடது கைக்கோ இரு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்ற வியர்வை, குமட்டல், மூச்சு வாங்குதல் ஆகியவை சேர்ந்து வந்தால் யாருக்கும் சந்தேகம் எழாது. நம் வீடுகளில் மாரடைப்பு பெரும்பாலும் வேறு பெயரில்தான் நம்மிடம் சொல்லப்படுகிறது. "வாயுப் பிடிப்பு", "நெஞ்சு கரிக்குது", "சாப்பிட்டது செரிக்கல", "முதுகு புடிச்சுக்கிச்சு", "கை குடையுது" என்பார்கள். நாம் போய்ச் சேர்வதற்குள் சோடாவும் ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்து முடித்திருப்பார்கள். நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் காரணம் தெரியாத கடும் சோர்வும் மேல்வயிற்று அசௌகரியமும் மட்டுமே தோன்றக்கூடும். நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவர், அதிலும் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர், புகைபிடிப்பவர், தாடையிலிருந்து தொப்புள்வரை எந்த இடத்தில் புதிதாக வலியோ இறுக்கமோ வந்ததாகச் சொன்னாலும், இ.சி.ஜி.யும் மருத்துவரும் வேறு என்று சொல்லும்வரை அதை இதயக் கோளாறாகவே கொள்ளுங்கள். இளவயதினருக்கு வராது என்று விலக்கிவிடவும் கூடாது. முப்பதுகளில் இருப்பவர்களுக்கும் மாரடைப்பு வருகிறது.

சில "சோதனைகள்" நம்மைத் தவறான நிம்மதிக்குக் கொண்டுபோகும். ஏப்பம் வந்ததும் வலி குறைந்தது, அமிலத்துக்கான மருந்தைக் குடித்ததும் குறைந்தது, நெஞ்சை அழுத்தினால் வலிக்கிறது என்பவற்றில் எதுவும் மாரடைப்பை இல்லை என்று ஆக்கிவிடாது. அதேபோல், இரத்தக் குழாய்களை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததும் வலி குறைந்தது என்பதை மட்டும் கொண்டு அது இதய வலிதான் என்று முடிவுகட்டவும் முடியாது. உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலியும் அந்த மாத்திரைக்குக் குறையும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, வலி தொடங்கிய நேரம். "காலையிலிருந்து" என்ற பதிலோடு நிறுத்தாமல், காபி குடித்ததற்கு முன்பா பின்பா, டி.வி.யில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டாவது மணிக்கணக்கைப் பெற்று எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உறைவைக் கரைக்கும் ஊசி போடுவதா, தமனிக்குள் குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க அந்த நேரம் உதவும். அடுத்து, வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள், மருந்து ஒவ்வாமை, முன்பு ஸ்டென்ட் வைத்தது அல்லது பைபாஸ் செய்தது, அண்மையில் இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போனது ஆகியவற்றைக் கேளுங்கள். நாடி, இரு கைகளிலும் இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு சர்க்கரை அளவையும் பாருங்கள். வியர்த்துக் கொட்டி மயங்கும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம்; அதோடு மாரடைப்பும் சேர்ந்திருக்கலாம். வலி கிழிப்பதுபோல் திடீரென முதுகுக்கு ஓடி, இரு கைகளிலும் பார்த்த இரத்த அழுத்தத்தின் மேல் எண்களுக்கு (சிஸ்டாலிக்) இடையே 20 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் பெருந்தமனியின் சுவரே கிழிந்திருக்கலாம் என்று சந்தேகித்து, ஆஸ்பிரின் கொடுப்பதற்கு முன் மைய மருத்துவரிடம் பேசுங்கள்.

வண்டியில் இ.சி.ஜி. கருவி இருந்தால், நோயாளியைச் சந்தித்த 10 நிமிடங்களுக்குள் பதிவு எடுத்து அனுப்பிவிட வேண்டும். மார்பில் ஒட்டும் முதல் இரண்டு மின்முனைகளை நான்காம் விலா இடைவெளியில் வைப்பதற்குப் பதிலாக மேலே தூக்கி வைத்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அதனால் பதிவே மாறித் தெரியும். பெண்களுக்கு மார்பகத்தின் கீழே ஒட்ட வேண்டிய மின்முனைகளைக் கூச்சத்தால் மேலே ஒட்டுவதும் அப்படித்தான். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் மீண்டும் எடுங்கள்.

மருந்தும் ஆக்சிஜனும்

ஆஸ்பிரின் இந்த நிலையில் உயிர்காக்கும் மருந்து. ஒவ்வாமையோ, அதனால் தூண்டப்படும் ஆஸ்துமாவோ, இப்போது இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு, 162 முதல் 325 மில்லிகிராம் வரையிலான அளவை மென்று விழுங்கச் செய்ய வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது வயிற்றில் கரையாமலிருக்க மேற்பூச்சுப் பூசிய 75 மில்லிகிராம் மாத்திரை. அதை அப்படியே விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும் என்பதால், மென்று விழுங்குவது இங்கே கட்டாயம். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றும் முதல் வேளைத் தொகுப்பாக வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து நோயாளியை ஏற்றும்போது எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதைச் செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். அதைக் கேட்காமல் வந்தால் அதே மருந்து இரண்டாம் முறையும் போய்விடும்.

சார்பிட்ரேட் விஷயத்தில் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் நம்மை அழைப்பார்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும் இந்த மாத்திரை வலியைக் குறைக்கலாம், ஆனால் அடைப்பைத் திறக்காது. தவறான ஆளுக்குக் கொடுத்தால் இரத்த அழுத்தத்தை ஒரேயடியாகச் சரித்துவிடும். மேல் அழுத்தம் 90க்குக் கீழே உள்ளவருக்கும், நாடி மிகவும் மெதுவாக ஓடுபவருக்கும் கொடுக்கக் கூடாது. இ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ச்சுவர் பாதிப்பு தெரிந்தால் வலப்பக்கக் கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை உட்கொண்டாரா என்பதையும் கேட்டாக வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் கழியாமல் சார்பிட்ரேட் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மனைவி, மக்கள், மாமனார் சுற்றி நிற்கும்போது யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உறவினரைச் சற்று நகர்த்திவிட்டு, "இந்த மாத்திரை கொடுப்பதற்கு எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் ஐயா" என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

ஆக்சிஜன் எல்லோருக்கும் தேவையில்லை. முகமூடி மாட்டினால்தான் உறவினர்களுக்கு நிம்மதி என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மாரடைப்பு நோயாளிக்கு அதனால் கூடுதல் பயன் இல்லை என்பதை 2017இல் வெளியான பெரிய ஸ்வீடன் ஆய்வு காட்டியது. அளவு 90க்குக் கீழே இறங்கினாலோ மூச்சுத் திணறல் தெளிவாகத் தெரிந்தாலோ கொடுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகக் காட்டும் என்பதால், விரலைத் தேய்த்துச் சூடாக்கியோ வேறு விரலிலோ மறுபடி பாருங்கள்.

நெஞ்சில் களகளவென்ற ஒலியும், வாயில் இளஞ்சிவப்பு நுரையும், படுக்கவே முடியாத திணறலுமாக இருப்பவருக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அவரைக் கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, அப்படியே கொண்டுசெல்லுங்கள். ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

மாரடைப்பின்போது பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம், மிளகாய்த்தூள் கலந்த நீரைக் குடித்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை உறவினர்கள் கேட்டால், இரண்டும் பயனற்றவை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

துடிப்பு நின்றால்

பேசிக்கொண்டிருந்தவர் கண் செருகிச் சரிந்ததும், முதல் சில நொடிகள் கை கால் வெட்டி இழுக்கலாம். அதைக் காக்காய் வலிப்பு என்று எண்ணி இரும்புச் சாவியைத் தேடி ஓடுபவர்களை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். இடைவெளி விட்டு விட்டு வாயைத் திறந்து இழுக்கும் மூச்சும், குறட்டை போன்ற ஒலியும் வரலாம். அது மூச்சு ஆகாது. தோளைத் தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, இயல்பான மூச்சில்லை என்றால், கழுத்து நாடியை 10 நொடிக்கு மேல் தேடாதீர்கள். நாடி உறுதியாகத் தெரியவில்லை என்றால் இல்லை என்றே கொண்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

கயிற்றுக் கட்டிலிலோ பஞ்சு மெத்தையிலோ அழுத்தினால் கட்டில்தான் அமுங்குமே தவிர நெஞ்சு அமுங்காது. உடனே தரையில் இறக்குங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். களைப்பில் நெஞ்சின்மேலேயே சாய்ந்துகொள்வது இதயம் இரத்தத்தால் நிரம்புவதைத் தடுத்துவிடும். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நொடி, நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும். ஆம்பு பையைப் பதற்றத்தில் வேகமாகப் பிசைந்தால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும். 2 நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்துபவர் மாற வேண்டும், ஓட்டுநரும் சி.பி.ஆர். பயின்றவராக இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மற்றவர் ஏ.இ.டி.யை இயக்கி, மின்னதிர்ச்சியை உடலுக்குள் செலுத்தும் ஒட்டுத் தகடுகளான பேடுகளை ஒட்ட வேண்டும். ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்தில். வியர்வை வழிந்தால் துடைத்து உலர்த்துங்கள். முடி அடர்ந்திருந்தால் மழித்துவிடுங்கள். தாலிச் சரடோ சங்கிலியோ பேடின்மேல் படாமல் ஒதுக்குங்கள், கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் புடைப்பு தெரிந்தால் அதன்மேல் ஒட்டாதீர்கள். பெண் நோயாளியின் ரவிக்கையை வெட்டத் தயங்கி நேரத்தை இழக்கக் கூடாது. இரண்டு பேரைச் சேலையோ போர்வையோ பிடித்து மறைப்புக் கட்டச் சொல்லிவிட்டு வெட்டிவிடுங்கள். கருவி ஆராயும்போதும் மின்னதிர்ச்சி கொடுக்கும்போதும் யாரும் தொடவில்லை என்று கண்ணால் பார்த்து, உரக்கச் சொல்லி உறுதிசெய்யுங்கள். ஆக்சிஜன் குழாயை மார்பிலிருந்து விலக்குங்கள். அதிர்ச்சி கொடுத்ததும் நாடி பார்க்க நிற்காமல் அந்தக் கணமே மீண்டும் அழுத்தத் தொடங்கி 2 நிமிடங்கள் தொடர வேண்டும். மின்னோட்டம் சீரானாலும் இதயம் போதிய இரத்தத்தை வெளியேற்றத் தொடங்கச் சற்று நேரமாகும். "அதிர்ச்சி தேவையில்லை" என்று கருவி சொன்னால் நோயாளி பிழைத்துவிட்டார் என்று பொருளல்ல. அசைவும் மூச்சும் இல்லாதவரை அழுத்துங்கள்.

கருவுற்று வயிறு தொப்புளுக்கு மேல் வளர்ந்த பெண்ணாக இருந்தால், ஒருவர் வயிற்றைக் கையால் இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கருப்பை பெருஞ்சிரையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை சி.பி.ஆர். பலன் தராது.

இந்த இடத்தில் உறவினர்கள் "எதுக்கு இங்கயே வெச்சு அமுக்குறீங்க, தூக்கிட்டுப் போங்க" என்று கூச்சலிடுவார்கள். அவர்களின் தவிப்பு நியாயமானது, ஆனால் அதற்கு இணங்கிவிடாதீர்கள். ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பது நாம் ஒருவர் மட்டுமே. ஓடும் வண்டியில் நின்றுகொண்டு ஒற்றை ஆளாக அழுத்துவதில் ஆழமும் வராது, வேகமும் வராது, நமக்கும் அடிபடும். நோயாளி இருக்கும் இடத்திலேயே சி.பி.ஆர்.உம் மின்னதிர்ச்சியும் கொடுத்து, இரண்டாவது வண்டியைக் கேட்டு, எப்போது நகர்த்துவது என்பதை மைய மருத்துவரோடு முடிவுசெய்யுங்கள். வண்டி ஓடும்போது துடிப்பு நின்றால், ஓரமாக நிறுத்தச் சொல்லி ஓட்டுநரையும் பின்னால் அழையுங்கள். வண்டியின் குலுக்கலில் ஏ.இ.டி. சரியாக ஆராயாது.

துடிப்பு திரும்பியதும் பேடுகளைக் கழற்றக் கூடாது, ஏனெனில் மீண்டும் நின்றுபோவது சாதாரணம். மூச்சு போதவில்லை என்றால் 6 நொடிக்கு ஒரு மூச்சு வீதம் ஆம்பு பையால் கொடுங்கள். இரத்த அழுத்தத்தைப் பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, கிளம்புங்கள்.

எந்த மருத்துவமனை

அருகில் இருப்பது எது என்பதைவிட, அடைப்பைத் திறக்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையான கேத் லேப் உள்ள மருத்துவமனையை நோயாளி அடைந்து, நம்மை முதலில் சந்தித்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்குமானால் அங்கேயே போவது நல்லது. மலைப்பகுதியிலோ தொலைவான கிராமத்திலோ அது நடக்காது என்றால், டெனெக்டிப்ளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி போடக்கூடிய அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய் உறைவைக் கரைத்துவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதே சரியான வழி. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து இந்த முறையைச் சோதித்துப் பார்த்து, அதன் பயனை 2017இல் வெளியிட்டும் இருக்கிறார்கள். உங்கள் பகுதியில் எந்த மருத்துவமனையில் எந்த நேரத்தில் என்ன கிடைக்கும் என்ற பட்டியலை அமைதியான நாளிலேயே ஓட்டுநரோடு உட்கார்ந்து தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் தேடி உறவினர்கள் பீரோவைத் திறந்தால், ஒருவரை மட்டும் அதற்காக விட்டுவிட்டுப் பின்னால் வரச் சொல்லி வண்டியை எடுங்கள்.

போகும் வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். ஒப்படைக்கும்போது வயது, வலி தொடங்கிய மணி, இ.சி.ஜி. எடுத்த மணி, கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, நேரம், கொடுத்த மின்னதிர்ச்சிகள் எத்தனை, கடைசியாகப் பார்த்த இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவரிடம் வாயால் சொல்லி, எழுதியதையும் கையில் கொடுங்கள். மையத்துக்கு வண்டி தயார் என்று சொல்வதற்கு முன், ஏ.இ.டி.யில் புதிய பேடுகளைப் பொருத்தி, மின்கலத்தின் அளவையும் பேடுகளின் காலாவதி தேதியையும், ஆக்சிஜன் உருளையின் அழுத்தத்தையும் பாருங்கள். முடி மழிக்கும் பிளேடும் துடைக்கும் துணியும் கருவியின் பையில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.